தொழுகை வேறு, உடற்பயிற்சி வேறு

 

"ஐவேளை தொழுகிறோமே, அதற்கு மேல் என்ன உடற்பயிற்சி வேண்டும்?" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. மதரஸாவில் நானும் பல்லாண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு மாணவர்களுடன் சிலமலையை அடுத்த சரிவொன்றில் ஏறியபோது, பாதி வழியிலேயே மூச்சுவாங்கிப் பாறையில் அமர்ந்துவிட்டேன். "மெதுவா வாங்க உஸ்தாத்" என்று சிறுவர்கள் காத்து நின்றனர். முந்தைய தலைமுறையினர் ஏலத்தோட்டங்களுக்கு நடந்தே ஏறிய மலைகள் இவை. நாமோ ஜீப்பில் செல்கிறோம்.

தொழுகை, படைத்தவனுக்குச் செய்யும் இபாதத். அதனை உடற்பயிற்சியாகச் சுருக்குவது தவறு. உடலைப் பேணாதிருக்க அதனைச் சாக்காக்குவது அதனினும் தவறு. இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். புகாரியில் இச்செய்தி உள்ளது.

'நேரமில்லை' என்பது அடுத்த சாக்கு. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடத் தீவிர உழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இளைஞர்கள் 'ஹிட்' என்றழைக்கும் தீவிர இடைவெளிப் பயிற்சி இவ்விரண்டாம் வகை. சிறிது நேரம் முழு வேகம், சிறிது நேரம் ஓய்வு, மீண்டும் வேகம். இதயம் விரைந்து துடித்து, தணிந்து, மீண்டும் விரையப் பழகுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்ற முறை கையாளப்பட்டது.

அது பயிற்சி பெற்ற உடல்களுக்கானது. நமக்கு, ஒரு நிமிடம் விரைநடை, இரண்டு நிமிடம் மெதுநடை என ஆறேழு முறை போதும். ஸபா, மர்வாவிடையே நாம் செய்யும் தொங்கோட்டத்தை எண்ணிப் பாருங்கள். பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்கள் விரைகிறார்கள். மற்ற இடங்களில் நடக்கிறார்கள். அதுவும் இபாதத்தே; பயிற்சியன்று. ஆனால் அதனை நிறைவேற்ற உடலில் வலிமை வேண்டும். ஏழு முறை கடக்க ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆகிறது. ஆயுள் முழுதும் உம்ராவுக்குப் பணம் சேர்க்கும் நாம், நடக்கும் வலிமையையும் சேர்க்க வேண்டாமா?

நம் பெண்களை இதில் மறந்துவிடுகிறோம். "வீட்டு வேலையே போதும்" என்று சொல்லிவிடுகிறோம். தண்ணீர் தேடி அம்மலைகளுக்கிடையே முதலில் ஓடியவர் அன்னை ஹாஜரா (அலை) அவர்கள். ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அஸருக்குப் பின் இருபது நிமிடம் பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொண்டால், மொட்டை மாடியே மனைவிக்குப் போதுமான இடம்.

இதய நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நான் தொடங்கிவிட்டேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை அந்தப் பாறையில் அமரமாட்டேன்.