அப்ளை பண்ணியும் பதிலே வரலையா? ரெஸ்யூமே எங்கே சிக்குகிறது?

நௌக்ரி, லிங்க்ட்இன் என்று தினமும் அப்ளை பண்ணியும் ஒரு பதிலும் இல்லையா? திறமை இல்லையோ என்று நொந்துபோக வேண்டாம். ஒரே கிளிக்கில் விண்ணப்பிக்கும் வசதி வந்தபின் ரெஸ்யூமேக்கள் மலையாகக் குவிகின்றன. பல நிறுவனங்கள் ஏடிஎஸ் எனும் மென்பொருளில் தேடுசொற்களைப் போட்டு வடிகட்டுகின்றன. அந்தச் சொல் இல்லாத ரெஸ்யூமே ஹெச்ஆர் கண்ணிலேயே படாமல் போகலாம். விளம்பரத்தில் கேட்டிருப்பதில் உண்மையிலேயே தெரிந்ததை அதே சொல்லில் எழுதுங்கள். 50 இடத்துக்கு அனுப்புவதைவிட 5 இடத்துக்கு நிதானமாக அனுப்புவது மேல்.

இந்த விரக்திக்காகவே மோசடிக் கும்பலும் காத்திருக்கிறது. 'செலக்ட் ஆகிட்டீங்க, ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் பணம் கட்டுங்க' என்று வாட்ஸ்அப் வந்தால், அங்கே வேலையே இல்லை. கட்டிவிட்டீர்களா? வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்புண்டு.