ஓரம் எங்கே இருக்கு?

போன மாத இதழில் பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் எழுதியதைப் படித்திருப்பீர்கள். காலை நேரத்தில் யானைக்கவுனி பாலத்திலும் வால்டாக்ஸ் ரோட்டிலும் சைக்கிளையே விடக்கூடாதாம். அதனால்தான் டிராபிக் ஜாம் ஆகிறதாம். அவன் அப்பாவோடு பைக்கில் வருகிறவன். நான் சூளையிலிருந்து பாலம் ஏறி சைக்கிளில் வருகிறவள். அதனால் இந்தப் பதில்.

தினமும் நான் கேட்கிற வார்த்தை, "ஓரமா போம்மா!" பஸ்காரர் சொல்றார், ஆட்டோக்காரர் சொல்றார், பைக்கில் போற மாமா சொல்றார். சரி, ஓரமாவே போகலாம். ஆனா ஓரம் எங்கே இருக்கு? பார்சல் ஆபீஸ் வாசலில் லாரி நின்று மூட்டை இறக்கும். அதைத் தாண்டினால் வரிசையாக பைக். அதையும் தாண்டினால் உள்ளே இறங்கிப் போன சாக்கடை மூடி. மிச்சம் இருக்கிற இடத்தில் இளநீர் வண்டி. இதையெல்லாம் சுற்றிக்கொண்டு நான் நடுவில் வந்தால், "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்கிறார்கள்.

போன ஜூலையில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று இடது பக்கம் ஒடித்தது. நான் விழுந்தேன். முட்டியில் நாலு தையல். டிபன் பாக்ஸ் உருண்டு லாரிக்கு அடியில் போய்விட்டது. அந்த அண்ணன் இறங்கி வந்து, "கண்ணு தெரியலையா?" என்றார். அன்றிலிருந்து டிரைவர் என்றாலே எனக்கு ஆகாது.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லணும். என் அப்பாவும் டிரைவர்தான். சவுகார்பேட்டை குடோன்களில் இருந்து குட்டியானையில் லோடு அடிக்கிறார். (யானைக்கவுனியில் இப்போது இருக்கிற யானை இந்தக் குட்டியானை மட்டும்தான்!) தையல் பிரிக்கப் போன அன்று அவர் வண்டியிலேயே முன்னால் உட்கார்ந்து போனேன். பாலம் ஏறும்போது முன்னால் ஒரு பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். அப்பா விடாமல் ஹாரன் அடித்தார். "ஏம்பா, அவனும் என்னை மாதிரிதானே?" என்று கேட்டேன். அப்பா சொன்னார்: "பின்னால ஒரு டன்னுக்குக் கிட்ட சரக்கு இருக்கு. ஏத்தத்துல நின்னுட்டா திரும்ப எடுக்கிறதுக்குள்ள வண்டி பின்னால உருளும். எனக்கும் பயம்தாம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏற்றத்தில் நான் நின்றாலும் அதே கதிதான். மெதுவாக மிதித்தால் சைக்கிள் ஆடும். அது யாரையும் வெறுப்பேற்ற ஆடுவதில்லை, வேகம் குறைந்தால் எந்த சைக்கிளும் ஆடும். இன்னொன்றும் பார்த்தேன். வண்டிக்கு இடது பக்கம், கதவுக்குக் கீழே ஒட்டி வருகிற சைக்கிள் அப்பா சீட்டிலிருந்து தெரியவே இல்லை. கண்ணாடியிலும் இல்லை. நான் எத்தனை தடவை அந்த இடத்தில் புகுந்து போயிருக்கேன்! நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. இப்போதெல்லாம் பெரிய வண்டிக்கு இடது பக்கம் நான் நுழைவதே இல்லை. அப்பாவும் ஏற்றத்தில் சைக்கிளைப் பார்த்தால் தூரத்திலேயே கியரைக் குறைத்து வருகிறாராம். நம்புகிறேன்.

தம்பி சொல்வது போல சைக்கிளைத் தடுத்தால் நாங்கள் எதில் வருவது? அரசு 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பித்து, 2005-06ல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிவாக்கின திட்டத்தில் வந்த சைக்கிள்தான் என்னுடையது. கையில் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ரோட்டைக் கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி? 1973-ல் மனிதனை மனிதன் இழுக்கிற கை ரிக்‌ஷாவை ஒழித்தபோதுகூட, இழுத்தவர்களுக்கு பதிலாக சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். வெறும் தடை போடவில்லை. அப்புறம், மிண்ட் தெரு சந்துகளுக்குள் துணிமூட்டை கொண்டுபோகிற ட்ரைசைக்கிள் தாத்தாக்களையும் தடுப்பானா தம்பி? குட்டியானையே நுழையாத சந்து அது.

நெதர்லாந்து என்றால் இன்று சைக்கிள் நாடு. அங்கேயும் 1971-ல் ஒரே வருடத்தில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ரோட்டில் செத்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடின பிறகுதான் சைக்கிள் பாதைகள் பெருகின. நம்ம மாநகராட்சியும் 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று கொள்கை போட்டிருக்கிறது. நான் வர்ற வழியில் அதற்கு ஒரு வெள்ளைக் கோடுகூட என் கண்ணில் படலை.

எனக்குப் பெரிய பாதையெல்லாம் வேண்டாம். பள்ளி நாட்களில் காலை 8 மணியிலிருந்து 9 மணி வரை வால்டாக்ஸ் ரோட்டின் இடது ஓரத்தில் வண்டி நிறுத்தக்கூடாது, மூட்டை இறக்கக்கூடாது. ஒரே ஒரு மணி நேரம். அப்பாவிடம் கேட்டேன். "ஒம்போதுக்கு அப்புறம் இறக்கிக்கலாம், ஆனா எல்லாக் கடைக்காரரும் ஒத்துக்கணுமே" என்றார். 'முடியாது' என்று சொல்லவில்லை, கவனிங்க.

கவுன்சிலருக்கும் டிராபிக் போலீசுக்கும் மனு எழுதியிருக்கேன். தமிழம்மா பிழை திருத்திக் கொடுத்தாங்க. இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கு. சைக்கிளில் வருகிறவர்கள் மட்டும் இல்லை, பைக்கில் வரும் அந்தத் தம்பியும் கையெழுத்துப் போடலாம். நூலில் பேனா கட்டியிருக்கேன். தயவுசெய்து யாரும் அறுத்துக்கிட்டுப் போயிடாதீங்க.

- பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு