பூனையும் ஒரு சாக்கும்

புதுச் சோபாவைப் பூனை பிறாண்டியதும், "சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிடுவோம்" என்றார் வாப்பா. அது குறும்பல்ல. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடலை நீட்டி முறிக்கவும், பாதத்து வாசனையால் தன் இடத்தைக் குறிக்கவுமே பூனை பிறாண்டுகிறது. அடித்தால் பயம் வரும், தேவை போகாது. சில நாடுகளில் நகத்தோடு விரல்நுனி எலும்பையே வெட்டுகிறார்கள். பிரித்தானியாவில் மருத்துவக் காரணமின்றி அப்படிச் செய்வது குற்றம்.

வெலிமடையில் உருளைக்கிழங்குச் சாக்குக்கா பஞ்சம்? ஒன்றைப் பலகையில் இறுகச் சுற்றி, பூனை நிமிர்ந்து எட்டும் உயரத்தில், சோபாவின் அருகிலேயே ஆடாமல் நிறுத்தினேன். அதில் பிறாண்டும்போதெல்லாம் ஒரு நெத்தலி கொடுத்தேன். சோபா தப்பியது.

'பூனைக்குட்டியின் தந்தை' என்று பெயர் பெற்ற அபூஹுறைரா (ரழி) அவர்களை நேசிப்பவர்கள் நாம். வாயில்லா ஜீவனை விரட்டுமுன் அதன் தேவையை அறிவோம். பூனையைக் கட்ட நினைத்த சாக்கே அதைக் காப்பாற்றியது.