சுரங்கத்திலிருந்து எழுந்த வரலாறு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் உரிமைப் போராட்டத்தையும் பற்றிய நூல்கள் அண்மை ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. நம் பெங்களூரின் புத்தகக் கடைகளிலும் அவை கிடைக்கின்றன. கல்லூரிக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைக் கையில் எடுத்துப் புரட்டுகிறார்கள். "எங்கோ இருக்கும் கறுப்பர் கதைக்கும், இங்கே ஆலையிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். உறவு இருக்கிறது, அதுவும் நெருங்கிய உறவு என்பதே நம் பதில்.

முதலில் நூல்களைப் பார்ப்போம். 1619-ஆம் ஆண்டு ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிய கப்பல் வர்ஜீனியாக் கரைக்கு வந்தது. அந்த நாளிலிருந்து அமெரிக்க வரலாற்றை எண்ணினால் என்ன தெரியும் என்று கேட்டு, நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸ் முன்னின்று உருவாக்கிய கட்டுரைகள் 2019-இல் ஏட்டிலும் 2021-இல் நூலாகவும் வெளிவந்தன. இசபெல் வில்கர்சன் 2020-இல் எழுதிய நூலின் பெயரே 'சாதி'. நிறவெறி என்று தம் நாட்டில் சொல்லப்படுவது அடிப்படையில் சாதிமுறைதான் என்று வாதாடும் அவர், ஒப்பிட்டுக் காட்ட இந்தியாவையும் ஹிட்லரின் ஜெர்மனியையும் எடுத்துக்கொள்கிறார்.

இத்தகைய நூல்களின் முடிவுகள் சிலவற்றை மறுத்து எழுதிய அறிஞர்களும் உண்டு. எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்வது முறை. ஆனால் 2021 முதல் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் நடப்பது வேறு. கறுப்பின வரலாற்று நூல்கள் பலவற்றைப் பள்ளி நூலகங்களிலிருந்தே அகற்றினார்கள். எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆளும் கூட்டம் ஒரு புத்தகத்தைக் கண்டு அஞ்சுகிறது என்றால், உழைக்கும் மக்கள் அதைப் படித்தே ஆகவேண்டும் என்பது நம் கருத்து.

இந்த நூல்கள் திடீரென்று வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இவற்றுக்கு வழி வெட்டியவர்களில் முதன்மையானவர் கார்ட்டர் உட்சன். 1875-இல் பிறந்தவர், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற தாய் தந்தையரின் பிள்ளை. இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். எழுத்தறியாத சக தொழிலாளர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டினார்; அவர்கள் பேசிய பழங்கதைகளைக் கேட்டார். இருபதாம் வயதில்தான் உயர்நிலைப் பள்ளியின் வாசலை மிதித்தார். 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கறுப்பருக்கு வரலாறே கிடையாது என்று படித்தவர்களே பேசிய காலம் அது. உட்சன் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. 1915-இல் வரலாற்று ஆய்வுக்கெனச் சங்கம் அமைத்தார். 1926-இல் 'நீக்ரோ வரலாற்று வாரம்' தொடங்கினார். அதுவே 1976 முதல் ஒரு மாதக் கொண்டாட்டமாக வளர்ந்து நிற்கிறது.

நம் நாட்டில் ஒடுக்கப்பட்டோருக்காகப் போராடியவர்கள் அந்த மக்களை என்றும் அந்நியராக நினைத்ததில்லை. மராட்டியத்தில் ஜோதிராவ் பூலே 1873-இல் எழுதிய 'அடிமைத்தனம்' என்ற நூலை, கறுப்பரின் அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க நல்லோருக்கே காணிக்கையாக்கினார். 1946-இல் டாக்டர் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்கு அவர்கள் அனுப்பிய விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டார். அவரும் பதில் எழுதினார். 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் கேரளத்துக்கு வந்தபோது, தீண்டப்படாத குழந்தைகள் படித்த பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அவரை அறிமுகம் செய்தார்கள். முதலில் திடுக்கிட்ட கிங், யோசித்துப் பார்த்தபின் அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதைப் பின்னாளில் தாமே சொன்னார். 1972-இல் பம்பாய் இளைஞர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைப் பார்த்தே 'தலித் சிறுத்தைகள்' இயக்கம் கண்டார்கள்.

அவர்களுக்கு ஒரு நிலக்கரிச் சுரங்கம் என்றால், நமக்கு ஒரு தங்கச் சுரங்கம் உண்டு தோழர்களே! பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கோலார் தங்கவயல். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது முதல், வடஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் போனார்கள். பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊரில் சேரி என்று ஒதுக்கப்பட்ட மக்கள். பாறை வெடித்து மாண்டவர் எத்தனை பேர்! கல்தூசி நெஞ்சில் படிந்து இருமி இருமி இறந்தவர் எத்தனை பேர்! கைரேகை எடுத்துத் தங்களைப் பதிவு செய்வதை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தவர்களும் அவர்களே.

உழைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை, படித்தார்கள், அச்சிட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டுக்குத் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. அவர் 1914-இல் மறைந்தபின், 'தமிழன்' ஏடு அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. அது எந்த ஆண்டு தெரியுமா? 1926! உட்சன் வரலாற்று வாரம் கண்ட அதே ஆண்டு. ஒருவரையொருவர் அறியாமலே இரண்டு சுரங்க மக்கள் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் அயோத்திதாசரைத் தமிழுலகம் பல பத்தாண்டுகள் மறந்து கிடந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காத்தார்கள். அதனால் 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது. தங்கவயல் தொழிலாளரையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளரையும் பற்றி ஜானகி நாயர் 1998-இல் ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார். இவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆனால் நாம் என்ன செய்தோம்? விழா மேடைகளில் ராஜராஜன் கட்டிய கோயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். தங்கம் வெட்டிய பாட்டனைப் பற்றிப் பேசச் சொன்னால் வாயடைத்துப் போகிறோம். காரணம் வெறும் மறதியா? இல்லை. அவர்களுடைய சாதியைச் சொல்ல வேண்டிவருமே என்ற கூச்சம்! பிழைக்க வந்த ஊரில் நம்மைத் தாழ்வாக நடத்தினால் கொதிக்கும் நாம், நமக்குள்ளே மேல் கீழ் பார்க்கும் வரை, கறுப்பர் நூல்களைக் கையில் எடுக்கத் தகுதியுடையவர்கள் ஆகமாட்டோம்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. அடியில் இறங்கியவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள், ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். சங்க ரசீதுகளும் சம்பளச் சீட்டுகளும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. எடைக்குப் போனது திரும்பி வராது.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சொல்கிறோம். இந்தப் புதிய நூல்களைச் சங்கத்துக்கு ஒரு பிரதி வாங்குவோம். விலை அதிகம் என்றால் பத்துப் பேர் சேர்ந்து வாங்குவோம். ஆங்கிலம் படித்த மகளும் மகனும் வாரம் ஒருநாள், ஒரு அத்தியாயத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். அன்று உட்சன் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்டியதும் இப்படித்தான். அதே கூட்டத்தில், சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த பெரியவர்கள் பேசட்டும். பிள்ளைகள் பெயர், ஊர், ஆண்டு விடாமல் எழுதிக்கொள்ளட்டும். கையிலிருக்கும் தொலைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யலாம். வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய தாள் எதையும் காட்டாமல் எடைக்குப் போடவேண்டாம். 1970-களில் தலித் சங்கர்ஷ சமிதி கண்ட கன்னடத் தோழர்களுக்கும் இதே போன்ற வரலாறு உண்டு, அவர்களையும் அழைப்போம். உழைப்பவன் வரலாற்றுக்கு மொழி எல்லை இல்லை.

நம் கதையை நாம் எழுதாவிட்டால் ஒன்று அது எழுதப்படாது, அல்லது நம்மைச் சுரண்டியவன் எழுதுவான். இரண்டுக்கும் இடம் கொடோம். படிப்போம், கேட்போம், எழுதி வைப்போம்!