குதிரைக்குக் கடதாசி இருக்கிறது, குதிரைக்காரனுக்கு?

சித்திரை பிறந்தால் நுவரெலியா பந்தயத் திடலைப் பற்றிப் பேசுவதற்கு ஆள் குறைவில்லை. ஆளுநர் கிண்ணத்தை எந்தக் குதிரை வென்றது, அதன் சொந்தக்காரர் யார், ஓட்டிய ஜொக்கி யார் என்று பத்திரிகைகள் படத்தோடு எழுதும். அந்த ஒரு நாள் ஓட்டத்துக்காக மார்கழி, தை, மாசி மாதங்களின் பனியில் விடியுமுன் எழும்பும் கைகளைப் பற்றி எழுத ஆளில்லை. அந்தக் கைகளில் எங்கள் பிள்ளைகளின் கைகளும் இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றி எழுதுகிறோம்.

கலகெதரப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பந்தயக் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் வேலையில்லாத நாட்களில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இறப்பர், தேயிலை, மிளகு என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கிழமைக்கு ஆறு நாள் வேலை எதிலும் இல்லை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. காடு மண்டிய மலையில் கொழுந்தும் இல்லை. ஆகவே பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். சிலர் கண்டியில் பஸ் மாறி, 77 கிலோமீற்றர் ஏறி, நுவரெலியாவுக்குப் போகிறார்கள். அங்கே மரக்கறித் தோட்டம் இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது, குதிரை லாயம் இருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குப் போன பையன் ஜனவரியில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்வதில்லை. இடாப்பில் அந்தப் பெயருக்கு நேரே கோடு போடும் வேலை எங்களுடையது.

அங்கே அவன் செய்யும் வேலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் பனி உறைந்து, விடிந்ததும் தேயிலைத் துளிரைக் கருக்கிவிடும். அந்தக் குளிரில் காலை நாலு மணிக்கு லாயத்தில் விளக்கு எரியும். முதல் வேலை லத்தி அள்ளுவது. ஒரு பந்தயக் குதிரை ஏறக்குறைய 450, 500 கிலோகிராம் எடையுள்ளது. ஒரு நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல் லத்தி போடும். நனைந்த படுக்கையை வாரி வெளியே கொட்டி, காய்ந்ததைப் பரப்ப வேண்டும். மூத்திரத்தின் காரம் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். பிறகு தண்ணீர். ஒரு குதிரைக்கு நாளைக்கு முப்பது நாற்பது லீற்றர் வேண்டும். அதற்குப் பிறகுதான் தீனி.

தீனி வைத்தவன் அது எவ்வளவு தின்றது என்று பார்க்க வேண்டும். நேற்று மிச்சம் வைத்ததா, கண் தெளிவாக இருக்கிறதா, காலைத் தொட்டால் எங்காவது சூடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். குதிரையின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். ஏறினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. ஒவ்வொரு குளம்பையும் தூக்கி, உள்ளே அடைந்த மண்ணையும் கல்லையும் கிண்டி எடுத்து, லாடம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். இது வெறும் கூலி வேலை இல்லை. காலைத் தடவியே நோவைக் கண்டுபிடிப்பவன் தொழில் தெரிந்தவன்.

வெளிச்சம் வந்ததும் குதிரைகள் திடலுக்குப் போகும். நடை, பிறகு துள்ளோட்டம், பிறகு பாய்ச்சல். திரும்பி வரும்போது அதன் உடம்பிலிருந்து ஆவி எழும்பும். இந்த நேரம்தான் குளிர்காலத்தில் மிகவும் கவனம் வேண்டிய நேரம். வியர்வையோடு நிற்க விட்டால் குதிரைக்குக் குளிர் பிடித்துவிடும். ஆகவே துடைத்து, கம்பளி போர்த்தி, மூச்சு அடங்கும்வரை கையில் பிடித்து நடத்த வேண்டும். நடத்துகிறவனின் உடம்பிலும் வியர்வை இருக்கிறது. அவனுக்குக் கம்பளி போர்த்த யாரும் வருவதில்லை. மத்தியானம் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் எண்ணெய் பூசுவது, பின்னேரம் மறுபடி லத்தி, மறுபடி தீனி, மறுபடி தண்ணீர். இரவில் ஒரு குதிரை சுவரை உதைத்தாலும் எழும்பிப் பார்க்க வேண்டும். வயிற்றுநோவு கண்ட குதிரை விடியும்வரை தாங்காமல் செத்துப்போகக்கூடும். ஞாயிற்றுக்கிழமையும் குதிரைக்குப் பசிக்கும். போயாவிலும் பசிக்கும். தைப்பொங்கலன்றும் பசிக்கும்.

இப்படி ஒரு லாயத்தில் நின்ற எங்கள் பழைய மாணவன் ஒருவன் ஊருக்கு வந்தபோது சொன்னான்: "சேர், குதிரை இருமினா டாக்டர் வருவாரு. நாங்க இருமினா பனடோல் வரும்." அவனைக் குதிரை உதைத்து விலா எலும்பு வெடித்தபோது, ஊருக்குப் போய்ப் படுத்துக்கொள் என்று பஸ் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு அவன் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. லாயத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு முதலாளியைத் திட்டிவிட்டு ஓய்வதற்காக இதை எழுதவில்லை.

குதிரை லாயம், எங்கள் லயம். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். நாங்கள் குடியிருக்கும் லயம் ஆங்கிலேயரின் 'லைன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. குதிரை லாயம் அதற்கு முன்பே தமிழில் இருந்தது. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு பந்தயக் குதிரைக்கு 12க்கு 12 அடி அறை வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட கணக்கு. எங்கள் பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. அதில் ஒரு குதிரை இல்லை, ஒரு குடும்பம் இருக்கிறது. குதிரைக்குக் கொடுத்ததைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. வாயில்லாத உயிருக்கு நல்ல இடம் கிடைப்பதில் நமக்குச் சந்தோசம்தான். வாயுள்ள உயிர் அந்தளவுக்காவது எண்ணப்படுகிறதா என்பதுதான் நமது கேள்வி.

அந்த எண்ணிக்கை கடதாசியில் தொடங்குகிறது. பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் கடதாசி உண்டு. அதன் பெயர், நிறம், நெற்றியில் உள்ள வெள்ளை, தாய் யார், தகப்பன் யார், அவற்றின் தாய் தகப்பன் யார் என்று எல்லாம் பதிவில் இருக்கும். இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் வம்சப் பதிவுப் புத்தகம் 1791இலேயே அச்சாகிவிட்டது. இதை வாசிக்கும்போது நமக்கு வேறொரு ஆண்டு நினைவுக்கு வரவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரிடம் கேட்டதும் வம்சப் பதிவைத்தான். உன் தகப்பன் இங்கே பிறந்தானா, அல்லது உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, கடதாசி காட்டு என்றது. குதிரைக்குப் பதிவு வைத்திருந்தார்கள். கூலிக்கு வைத்திருக்கவில்லை. கடதாசி இல்லாததால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரைக் கப்பலேற்றக் கணக்குப் போட்டது. கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இழுபட்டோம். கடதாசி இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் புதிதாகப் பாடம் சொல்லத் தேவையில்லை.

குதிரைக்காரன் என்ற வேலையும் நமக்குப் புதிது இல்லை. துரைமார் குதிரையில் ஏறி மலை பார்த்த காலத்தில், பங்களாவில் அப்பு இருந்தது போல் குதிரைக்காரனும் இருந்தான். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் துரை 1855இல் வெளியிட்ட தன் இலங்கைப் புத்தகத்தில், இங்கிலாந்திலிருந்து கூட்டிவந்த குதிரைக்காரர் ஹென்றி பர்க்ஸ் மலைப்பாதையில் வண்டியைக் கவிழ்த்த கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். தவறு செய்த வெள்ளைக் குதிரைக்காரரின் பெயர் இன்றும் நிற்கிறது. பந்தயத் திடல் 1875இல் தொடங்கியதிலிருந்து அங்கே லத்தி அள்ளிய நம்மவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். நாட்கூலி, தற்காலிகம், மூன்று மாத வேலை என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. முதல் நாளிலிருந்தே பொருந்தும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இருக்கிறது. 2021இலிருந்து 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பதே குற்றம். 18 வயதுவரை ஆபத்தான வேலையில் வைக்க முடியாது. அரை தொன் எடையுள்ள, பயந்தால் உதைக்கும் மிருகத்தின் பின்னங்காலருகே நிற்பது ஆபத்து இல்லாவிட்டால் வேறு எது ஆபத்து?

இதற்கு வரும் பதில்களும் நமக்குத் தெரியும். இது சீசன் வேலை, நிரந்தரம் இல்லை என்பார்கள். குதிரை பன்னிரண்டு மாதமும் தின்னும். அப்படியே சீசன் வேலை என்றாலும் சீசனுக்கும் சம்பளச் சீட்டு எழுதலாம். பையன் குதிரை மேல் ஆசைப்பட்டுத்தானே வருகிறான் என்பார்கள். உண்மை. எங்கள் பிள்ளைகள் பலர் அந்த மிருகத்தை உயிராக நேசிக்கிறார்கள். ஆனால் ஆசையைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆசிரியரும் பிள்ளைகளை நேசிக்கிறார், அதற்காக அவருடைய ஓய்வூதியத்தை யாரும் வெட்டுவதில்லை. பந்தயத்தில் இலாபம் இல்லை என்றும் சொல்வார்கள். இருக்கலாம். தேயிலையிலும் இதையே கேட்டுக்கொண்டுதான் 2021இல் 1,000 ரூபாயையும் 2024இல் 1,350 ரூபாயையும் வாங்கினோம்.

குதிரைக்காரர்களால் சங்கமாக நிற்க முடியாது, ஒவ்வொரு லாயத்திலும் நாலைந்து பேர்தானே என்று நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான் சொன்னார்கள். குதிரைப் பந்தயத்தின் தலைமை ஊர் என்று சொல்லப்படும் நியூமார்கெட்டில் 1975ஆம் ஆண்டு லாயத் தொழிலாளர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய பந்தய நாளிலேயே ஓடுபாதையில் போய் நின்றார்கள். அடிதடியும் வந்தது, வேலை இழந்தவர்களும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர்களுக்கென்று ஒரு சங்கமும், நாடு முழுவதற்கும் பேசி முடித்த சம்பள அளவும் வந்தன. சிதறிக் கிடந்தவர்கள்தான் அவர்களும்.

அக்கரையையும் பாருங்கள். 2024இல் தமிழ்நாட்டு அரசு ஊட்டி பந்தயத் திடலையும், செப்டெம்பரில் சென்னை கிண்டித் திடலின் 160 ஏக்கரையும் குத்தகைப் பிரச்சினையில் கையகப்படுத்தியது. நிலம் பொதுமக்களுக்குப் போவதை நாம் எதிர்க்கவில்லை. நாம் படித்த செய்திகளில் ஏக்கர் இருந்தது, கோடி இருந்தது. ஒரு திடல் ஒரு காலையில் பூட்டப்படலாம் என்பதுதான் நமக்குரிய பாடம். அன்றைக்குக் கடதாசி உள்ளவன் நட்டஈடு கேட்பான். இல்லாதவன் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பான்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. லாயத்தில் வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம், சம்பளச் சீட்டு. குளிருக்கு மேலங்கி, பூட்ஸ். குதிரை லத்தியும் மண்ணும் உள்ள இடத்தில் ஏற்புவலிக் கிருமி இருக்கும், ஆகவே வேலைக்குச் சேரும்போதே ஏற்புவலித் தடுப்பூசி. கிழமையில் ஒரு நாள் ஓய்வு. உதைபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் நட்டஈடும். பந்தயப் பரிசுகளை நடத்துபவர்கள், இவை இல்லாத லாயத்துக் குதிரைக்கு ஓட இடமில்லை என்று ஒரு விதி போட்டால் போதும். குதிரையின் கடதாசியைச் சரிபார்க்கும் மேசையிலேயே குதிரைக்காரனின் கடதாசியையும் சரிபார்க்கலாம்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. தோட்டக் கமிட்டித் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே, உங்கள் தோட்டத்திலிருந்து யார் யார் லாய வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வயது, போன திகதி, கூட்டிப்போனவர், நாள் சம்பளம். பதினாறு வயது நிரம்பாத பிள்ளை என்றால் காத்திருக்க வேண்டாம், 1929க்குச் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள், வகுப்பில் அவனுக்கு இடம் இருக்கிறது. வளர்ந்தவர்கள் என்றால் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு நாளையும் திகதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். தொழில் திணைக்களத்தில் அது சாட்சி. ஏழு பேர் சேர்ந்தால் இந்த நாட்டில் ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம் என்பது 1935ஆம் ஆண்டிலிருந்து சட்டம். இரண்டு லாயங்களைக் கூட்டினால் ஏழு பேர் கிடைப்பார்கள்.

அந்தக் கொப்பிகளை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சித்திரைப் பந்தயத்துக்கு முன்பே பேச வேண்டியவர்களோடு பேசி முடிப்போம்.