செய்மதிப் படமும் சிறுபோக நீரும்

இரணைமடுக் குளத்தின்கீழ்ச் சிறுபோகம் செய்யும் கமக்காரர், நீர் போதாத ஆண்டுகளில் காணியின் ஒரு பங்கையே விதைக்கின்றனர். அப்பங்கிலும் மதகையடுத்த வயல் செழித்து நிற்க, வாய்க்காலின் கடைவயல் வாடுவதுண்டு. வாடியதென்று கடைவயற்காரர் கூறினாற் சான்று கேட்கப்படுகின்றது. அத்தகைய சான்றினைச் செய்மதிப் படங்கள் இன்று தரவல்லன.

2015 ஆம் ஆண்டிலிருந்து ஏவப்பட்ட ஐரோப்பியச் சென்ரினல்-2 செய்மதிகள், ஏறத்தாழ 5 நாட்களுக்கு ஒருமுறை ஒரே வயலைப் படம் பிடிக்கின்றன. செழித்த இலை செந்நிற ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலனாகாத அண்மைச் செந்நிறக்கீழ் ஒளியைப் பெரிதும் தெறிக்கச் செய்யும். இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண், பயிர் தழைக்கையில் உயர்ந்து, கதிர் முற்றுகையில் தாழும். படத்தின் ஒரு புள்ளி 10 மீற்றர்ச் சதுரம். ஓர் ஏக்கரில் 40 புள்ளிகள் வரை அடங்கும். இப்படங்களுக்கு விலையும் இல்லை.

கடைவயலில் அவ்வெண் காலத்துக்கு முன்னரே தாழுமாயின் நீர்த்தட்டுப்பாட்டை ஐயுறலாம். ஐயுறலாமேயன்றித் தீர்ப்புக் கூறலாகாது. நோயுற்ற பயிரும் குறுகிய வயது நெல்லும் அவ்வாறே காட்டும். கோரையும் நெல்லும் படத்திற் பெரும்பாலும் ஒரே பச்சை. சேற்றில் இறங்காது படத்தை மட்டும் நம்பும் உத்தியோகத்தர் கமக்காரருக்குத் தீங்கே செய்வார். பெரும்போகத்திலோ மாரிமுகில் படத்தை மறைத்துவிடும். அப்போது முகிலை ஊடுருவும் ராடர்ப் படங்களே உதவும்.

இவை கந்தோரில் உறங்குதல் தகாது. நீர்விடும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டத்திலே, சென்ற சிறுபோகப் படங்கள் வாய்க்கால் வாரியாகக் கமக்காரர் முன்னிலையில் விரிக்கப்படல் வேண்டும். கடைவயற்காரரே அவற்றை முதலிற் பார்க்கட்டும்.