ஆடிக்குக் கதிர் வேண்டும்

கேள்வி: ‘எங்கள் வீட்டு வயலிலிருந்துதான் ஊர்க்கோயில் நிறைபுத்தரிசிக்கு முதல் கதிர் போகும். மாமனார் காலம் வரை தவறியதில்லை. இப்போது மூன்று வருடங்களாக ஆடியில் கதிர் முற்றுவதில்லை. வெளியூரிலிருந்து வாங்கிக் கொடுக்கிறோம். பேசாமல் தென்னை வைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?’

- பூதப்பாண்டி அருகே மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூடுதல் மகசூல் கிடைக்கும் என்று ஒரு பெரியவருக்குக் கன்னிப்பூவில் 130 நாள் ரகத்தைச் சிபாரிசு செய்தேன். பயிர் நன்றாக வந்தது. ஆடி பிறந்ததும் வரப்பில் நின்று கேட்டார்: “விளைச்சல் உண்டு சார். ஆனா ஆடிக்குக் கதிர் இல்லியே, சாமிக்கு என்னத்தக் கொடுக்கது?” எனக்குப் பதில் இல்லை. அதன் பிறகு, எந்த வயலுக்குப் போனாலும் “உங்களுக்கு எப்போது கதிர் வேண்டும்?” என்று கேட்ட பிறகுதான் ரகத்தின் பெயரைச் சொல்வேன்.

நிறைபுத்தரிசி வெறும் சடங்கல்ல. சாரல் விழும் ஆடியில் பூஜையில் வைத்த கதிரை வீட்டு வாசலில் கட்டும்போது, ‘இந்த வருடம் சோற்றுக்குக் குறைவில்லை’ என்று ஊரே சொல்லிக்கொள்கிறது. 1956 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால், கேரளக் கோயில்களிலும் இதே வழக்கத்தைப் பார்க்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். முதலில் கோயிலில் நாளைக் கேளுங்கள். அம்பை 16 போன்ற 110-115 நாள் ரகமாக இருந்தால், அந்த நாளிலிருந்து 105 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே கதிர் மஞ்சளாகிவிடும். பூஜைக்கு அது போதும். ஆகஸ்டு 5 பூஜை என்றால் ஏப்ரல் 22-க்குள், அதாவது சித்திரை இரண்டாம் வாரத்துக்குள், விதை மண்ணில் இருக்க வேண்டும்.

சிக்கல் தண்ணீரில்தான். அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூன் 1-ல் திறப்பார்கள். அன்றைக்கு உங்கள் பயிருக்கு 40 நாள்; கதிர் உருவாகத் தொடங்கும் நேரம். தண்ணீருக்காகக் காத்திருந்து ஜூனில் விதைத்தால், ஆடியில் பச்சைத் தாள்தான் இருக்கும். உங்கள் வயலில் நடப்பதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு வழிகள் உண்டு. கோடை மழையை நம்பிப் பொடி விதைப்பு செய்யலாம். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாஷ் உரம் கரைத்து, 1 கிலோ விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதம் வரும்வரை உலர்த்தி விதையுங்கள், வறட்சியைத் தாங்கும். களைதான் பெரிய எதிரி. கை விதைப்பை விட வரிசை விதைப்பு நல்லது.

இன்னொரு வழி, கிணறோ குளத்து ஈரமோ எட்டும் மூலையில் 5 சென்ட் மட்டும் ஒதுக்குவது. ஒன்றரை கிலோ விதை, அரை சென்ட் நாற்றங்கால் போதும். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, 20 நாள் நாற்றாக நடுங்கள். நட்ட பயிர் என்பதால் ஒரு வாரம் முன்கூட்டியே விதைப்பது பாதுகாப்பு. மீதி வயலில் அணைத் தண்ணீர் வந்ததும் வழக்கம்போல் நட்டுக்கொள்ளலாம். அணை இரண்டு வாரம் தாமதித்தாலும் இந்த 5 சென்ட் கைவிடாது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. வாசலில் கட்டும் கதிரைக் குழந்தைகள் தொடுவார்கள். நாலு மணி உருவிப் பாயசத்தில் போடும் வீடுகளும் உண்டு. அதனால் பூத்த பிறகு அந்த மூலையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். காட்டுப்பன்றி இறங்கும் இடமானால், கதிர் பால்பிடிக்கும் நாளிலிருந்தே காவல் வையுங்கள்.

தென்னை வைப்பது உங்கள் வீட்டு வருமானக் கணக்கு. அதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் வயலை ஒருமுறை மேடாக்கிவிட்டால் திரும்ப நெல்லுக்குக் கொண்டுவருவது லேசல்ல. நாஞ்சில் என்றாலே கலப்பைதான். அதனால் முடிவெடுக்கும் முன் இந்த ஒரு சித்திரையில் 5 சென்ட்டில் விதைத்துப் பாருங்கள். ஆடியில் கதிர் வந்ததா என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.